ரோபோகால் விதிகளுக்குக் கருத்துச் சொல்லும் கெடுவை நீட்டிக்கக் கேட்பது, விதியையே தள்ளிப்போடும் தந்திரம்தானே?

பெரும்பாலும் இல்லை என்பதே என் பதில். ஆனால் உங்கள் சந்தேகத்தை ஆதாரமற்றது என்று ஒதுக்கவும் மாட்டேன். கேள்வியை வைத்துப் பார்த்தால், நீங்கள் அமெரிக்காவில் வசிப்பவர், ரோபோகாலில், அதாவது கருவி தானாக டயல் செய்யும் அழைப்பில், கார் வாரண்டி முடியப்போவதாகச் சொல்லும் அந்தப் பதிவுக் குரலை நாள்தோறும் கேட்டுச் சலித்தவர் என்று ஊகிக்கிறேன். எஃப்சிசி எனப்படும் கூட்டரசுத் தகவல்தொடர்பு ஆணையம் புதிய விதி ஒன்றை முன்மொழிந்த செய்தியைப் படித்து மகிழ்ந்திருப்பீர்கள். அதற்குள் ஏதோ ஒரு தொழில் சங்கம் 'கருத்துச் சொல்ல இன்னும் முப்பது நாள் வேண்டும்' என்று மனுப் போட்டதைக் கண்டு கொதித்திருப்பீர்கள். நான் டெக்சாஸில் ஒரு சிறிய இணையவழித் தொலைபேசி நிறுவனத்தில், விதிகளை நாங்கள் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறோமா என்று பார்க்கும் வேலையில் இருக்கிறேன். வழக்கறிஞர் அல்லேன். ஆகவே இதைச் சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தக் கெடுக்களோடு மல்லுக்கட்டிய ஒருவனின் அனுபவமாகப் படியுங்கள்.

முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். 1946-ஆம் ஆண்டின் நிர்வாக நடைமுறைச் சட்டம், ஓர் அரசு அமைப்பு விதி இயற்றும் முன் அறிவிப்பு வெளியிட வேண்டும், பொதுமக்கள் கருத்துச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும், வந்த கருத்துகளைப் பரிசீலிக்க வேண்டும் என்று சொல்கிறதே தவிர, எத்தனை நாள் என்று சொல்லவில்லை. எஃப்சிசி பொதுவாக, முன்மொழிவு அமெரிக்க அரசின் அதிகாரபூர்வ அறிவிப்பு இதழான ஃபெடரல் ரெஜிஸ்டரில் வெளியானதிலிருந்து 30 நாள் கருத்துக்கும், அதன் பிறகு 15 அல்லது 30 நாள் மறுமொழிக் கருத்துக்கும், அதாவது பிறர் சொன்ன கருத்துகளுக்குப் பதில் எழுதுவதற்கும், ஒதுக்குகிறது. ஆணையத்தின் விதிகளில் 1.46 என்னும் பிரிவு, கால நீட்டிப்பை வாடிக்கையாகத் தருவதில்லை என்பதே தங்கள் கொள்கை என்று முதல் வரியிலேயே அறிவித்துவிடுகிறது. நீட்டிப்பு வேண்டுவோர் கெடுவுக்குக் குறைந்தது 7 நாள் முன்பாக மனுச் செய்ய வேண்டும். உரிய காலத்தில் செய்த மனு நிராகரிக்கப்பட்டால், முடிவு வந்ததிலிருந்து 2 வேலை நாள் வரை அவகாசம் உண்டு. கேட்டவுடன் கொடுக்கிற கதவு இல்லை என்பது இதிலேயே தெரியும்.

இரண்டு வேறு நீட்டிப்புகளைப் பலரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள், உங்கள் கோபத்தின் பெரும்பகுதி இரண்டாவதன் மீது இருக்க வேண்டியது என்பது என் எண்ணம். கருத்துச் சொல்லும் கெடு நீள்வது ஒன்று. விதி வந்த பிறகு அதை நடைமுறைப்படுத்தும் கெடு நீள்வது இன்னொன்று. ரோபோகால்களைக் கட்டுப்படுத்த 2019 டிசம்பரில் நிறைவேறிய ட்ரேஸ்டு சட்டத்தின்படி, அழைப்பவரின் எண் உண்மையானதுதானா என்று சான்றளிக்கும் ஸ்டிர்-ஷேக்கன் முறையைப் பெரிய நிறுவனங்கள் 2021 ஜூன் 30-க்குள் தங்கள் ஐபி (இணைய நெறிமுறை) வலையமைப்பில் நிறுவ வேண்டியிருந்தது. ஒரு லட்சம் இணைப்புகளோ அதற்குக் குறைவாகவோ வைத்திருந்த சிறு நிறுவனங்களுக்கு 2023 ஜூன் 30 வரை, அதாவது முழுதாக இரண்டு ஆண்டு, விலக்குக் கிடைத்தது. கருத்துக் கெடுவில் இரண்டு வாரம் சேர்வதை, மோசடிக்காரனுக்கு இரண்டு ஆண்டு வாசலைத் திறந்துவைப்பதோடு ஒப்பிடவே முடியாது.

இப்படிச் சொல்லும்போதே, 'சிறு நிறுவனத்துக்காரன், தன் கூட்டத்துக்கு வக்காலத்து வாங்குகிறான்' என்று கீழே யாராவது எழுதுவார் என்று தெரியும். அவருக்காக நானே ஒப்புக்கொள்கிறேன்: அந்த இரண்டாண்டு விலக்கைச் சில சிறு நிறுவனங்கள் அசிங்கமாகப் பயன்படுத்தின. சட்டவிரோத அழைப்புகள் கொத்துக்கொத்தாகச் சிறு நிறுவனங்கள் சிலவற்றின் வழியே நுழைவதைக் கண்ட ஆணையம், சொந்த வலையமைப்பு இல்லாத சிறு நிறுவனங்களுக்கான கெடுவை ஓராண்டு முன்னுக்கு இழுத்து 2022 ஜூன் 30 ஆக்கியது. அது சரியான முடிவு என்றே அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

இனி என் கதை. சில ஆண்டுகளுக்கு முன், அழைப்புச் சான்று தொடர்பான ஒரு முன்மொழிவு வந்தது. எங்கள் பிரச்சினை இதுதான்: ஸ்டிர்-ஷேக்கன் சான்று ஐபி வழியாகத்தான் பயணம் செய்யும். இடையில் எங்காவது டிடிஎம் எனப்படும், ஐபி அல்லாத பழைய தொலைபேசித் தொழில்நுட்பத்தில் இயங்கும் சுவிட்ச் ஒன்று குறுக்கிட்டால், நாங்கள் முறையாகக் கையொப்பமிட்டு அனுப்பிய சான்று அங்கேயே உதிர்ந்துவிடும், மறுமுனையில் எங்கள் வாடிக்கையாளரின் அழைப்பு சான்றில்லாத அநாமதேயமாகப் போய்ச் சேரும். எங்கள் அழைப்புகளில் எத்தனை விழுக்காடு அப்படிச் சான்றை இழக்கின்றன என்ற எண்ணைக் கொடுத்தால்தான் எங்கள் கருத்துக்கு எடை. அந்த எண்ணோ, எங்கள் அழைப்புகளை மேலே எடுத்துச் செல்லும் ஒரு பெரிய நிறுவனத்திடம் இருந்தது. மின்னஞ்சல் அனுப்பினால் டிக்கெட் எண் வரும். தொலைபேசியில் கேட்டால், டிக்கெட்டைப் பார்க்கச் சொல்வார்கள்.

எங்கள் முதலாளி, கெடுவை நீட்டிக்க மனுச் செய்யலாம் என்றார். வெளியிலிருந்து எங்களுக்கு ஆலோசனை சொல்லும் வழக்கறிஞரும் மனு எழுதத் தயாராக இருந்தார். அதற்கான கட்டணத்தையும் உடனே சொன்னார். நான் வேண்டாம் என்றேன். என் வாதம் எளியது: எங்களுக்குத் தேவைப்பட்டது நாள் அல்ல, தகவல், அந்தத் தகவலை வைத்திருப்பவர் முப்பது நாளில் தராததை அறுபது நாளில் தருவார் என்பதற்கு எந்த அறிகுறியும் இல்லை. அதைவிட, கையிலிருப்பதை உரிய நாளில் தாக்கல் செய்து, எந்த எண் எங்களிடம் இல்லை, ஏன் இல்லை, அது யாரிடம் மட்டுமே இருக்கக்கூடும் என்பதை அப்படியே எழுதிவிடலாம் என்றேன். முதலாளி அரைமனதோடு சம்மதித்தார். நான்கு பக்கத்தில், எங்கள் பக்கத்திலிருந்து சான்றோடு வெளியேறிய அழைப்புகளின் கணக்கை மட்டும் வைத்து, கெடு நாளன்று மாலை ஆணையத்தின் இணையவழித் தாக்கல் அமைப்பில் ஏற்றினோம்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் பெருமை. வேறொரு மாநிலத்தில் எங்களைப் போன்றதொரு சிறு நிறுவனம் தாக்கல் செய்த கருத்தில், மறுமுனையில் சான்றில்லாமல் வந்து சேர்ந்த அழைப்புகளின் கணக்கு இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நடுவில் எங்கே உதிர்கிறது என்பது கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். அதையே மறுமொழிக் கருத்தாக எழுதினோம். பின்னர் ஆணையத்தின் அலுவலர்களோடு தொலைபேசியில் பேசவும் நேரம் கிடைத்தது. கருத்துக் காலம் முடிந்த பின்னும் இப்படிப் பேசலாம் என்பது பலருக்குத் தெரியாது. பேசியதன் சாரத்தை 2 வேலை நாளுக்குள் எழுத்தில் டாக்கெட்டில், அதாவது அந்த விதிக்கான பொதுக் கோப்பில், சேர்த்துவிட வேண்டும் என்பதும், ஆணையம் கூடி முடிவெடுப்பதற்கு முந்தைய ஒரு வாரத்தில் பேசக் கூடாது என்பதும்தான் முக்கியமான கட்டுப்பாடுகள். கடைசியில் வந்த ஆணையின் அடிக்குறிப்பு ஒன்றில் எங்கள் கருத்து மேற்கோளாக இருந்தது. அடிக்குறிப்புதானே என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்; வாஷிங்டனில் அலுவலகம் வைத்திருப்பவர்களின் பெயர்களுக்கு நடுவே அது இருந்தது.

இதைப் படித்துவிட்டு, 'அப்படியானால் யாருக்கும் நீட்டிப்புத் தேவையில்லை என்கிறாயா' என்று கேட்டால், அதுவும் இல்லை. நாள்கள் எல்லாருக்கும் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. 2017 முதல், ஆணையத்தின் மாதக் கூட்டத்துக்கு மூன்று வாரம் முன்பே வரைவு பொதுவில் வெளியிடப்படுகிறது. கூட்டத்தில் ஏற்கப்பட்ட பின், அது ஃபெடரல் ரெஜிஸ்டரில் அச்சாக மேலும் சில வாரங்கள் ஆகலாம். கெடுவின் கடிகாரம் அதன் பிறகே ஓடத் தொடங்குகிறது. வரைவு வந்த அன்றே படிக்க ஆள் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு 30 நாள் என்பது உண்மையில் இரண்டு, மூன்று மாதம். டெக்சாஸில் கணக்கு, பில்லிங், வாடிக்கையாளர் புகார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே விதிகளையும் படிக்கும் என் போன்றவனுக்கு 30 நாள் என்பது 30 நாள்கூட இல்லை. நுகர்வோர் அமைப்புகளின் நிலையும் இதுவே. ஆகவே நீட்டிப்புக் கேட்டு வரும் மனு ஒவ்வொன்றும் பெரிய நிறுவனங்களின் சதி என்று கருதிவிடாதீர்கள். நீட்டிப்பால் உண்மையில் பயன் பெறுபவர், பல நேரம், சிறியவரே.

எங்களைப் போன்றவர்கள் சொல்லாவிட்டால் யாரும் சொல்லாத செய்திகள் உண்டு. எங்கள் வாடிக்கையாளரான ஒரு பல் மருத்துவமனை, மறுநாள் வர வேண்டியவர்களுக்கு நினைவூட்டல் அழைப்புச் செய்கிறது. அவர்கள் சம்மதித்த அழைப்பு, எண் உண்மையானது, கையொப்பமும் உண்டு. இருந்தும் ஒரு பெரிய கைப்பேசி நிறுவனத்தின் பகுப்பாய்வு மென்பொருள் அதன்மீது 'ஸ்பேம் லைக்லி' (தொல்லை அழைப்பாக இருக்கலாம்) என்று முத்திரை குத்தியது. நோயாளிகள் எடுக்கவில்லை, இருக்கைகள் காலியாயின, எங்கள் மீது வசை விழுந்தது. முத்திரையை நீக்க எங்கே போய் முறையிடுவது என்று கண்டுபிடிப்பதே தனி வேலையாக இருந்தது. அதே வாரத்தில், ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த என் மாமியாருக்கு, அவருக்கு இல்லவே இல்லாத சோஷியல் செக்யூரிட்டி எண் (அமெரிக்க அரசு தரும் சமூகப் பாதுகாப்பு எண்) முடக்கப்பட்டதாக ஓர் அழைப்பு, எந்த முத்திரையும் இல்லாமல் வந்து சேர்ந்தது. கேள்விக்கு இது நேரடித் தொடர்பில்லாத புலம்பல் என்று தோன்றலாம். ஆனால் விதியில் திருத்தம் கோரும் கருத்துகள் இந்த மாதிரி அனுபவங்களிலிருந்துதான் பிறக்கின்றன, அவற்றை ஆதாரத்தோடு எழுத நாள் பிடிக்கிறது.

நீட்டிப்பால் முடிவு தள்ளிப்போகிறதா என்பதற்கு, ரோபோகாலைவிட அதிகம் பேசப்பட்ட ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2017-இல், இணைய நிறுவனங்கள் எல்லாத் தரவையும் பாகுபாடின்றி நடத்த வேண்டும் என்ற இணையச் சமநிலை விதிகளை நீக்கும் முன்மொழிவின்போது, மறுமொழிக் காலத்தை எட்டு வாரம் நீட்டிக்கக் கேட்டார்கள். ஆணையம் நீட்டிப்பை வாடிக்கையாகத் தருவதில்லை என்பதை நினைவூட்டிவிட்டு, இரண்டு வாரம் மட்டும் கொடுத்து ஆகஸ்ட் 16-ஐ ஆகஸ்ட் 30 ஆக்கியது. வாக்கெடுப்பு அதே ஆண்டு டிசம்பர் 14 அன்று நடந்தது. ரோபோகால்களுக்கான 17-59 டாக்கெட்டும் 2017-இல் திறக்கப்பட்டதுதான். அதில் ஒன்றன்பின் ஒன்றாக முன்மொழிவுகள் வந்துகொண்டே இருக்கின்றன. ரோபோகால்களைத் தடுக்கும் செயலியை நடத்தும் யூமெயில் நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுக்கு 5,000 கோடிக்கும் மேலான ரோபோகால்கள் வரும் நாட்டில் விதிகள் மெதுவாக நகர்வதற்குக் காரணம் தொழில்நுட்பம், நீதிமன்றம், நிறுவனங்களின் எதிர்ப்பு எல்லாம்தான். ஒரு வாக்கெடுப்பில் ஏற்கப்பட்ட விதி நீதிமன்றத்தில் விழுவதற்கும் சான்று உண்டு. விளம்பர ரோபோகால் செய்ய, ஒவ்வொரு விற்பனையாளரும் நுகர்வோரிடம் தனித்தனியாகச் சம்மதம் பெற வேண்டும் என்று 2023 டிசம்பரில் ஆணையம் இயற்றிய விதியை, நடைமுறைக்கு வரச் சில நாள்களே இருந்த நிலையில், 2025 ஜனவரியில் பதினொன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்துச் செய்தது. விதி இயற்றும்போது பதிவேட்டில் ஆதாரம் திரளாக இருந்தால் மட்டும் எல்லாம் காப்பாற்றப்படும் என்று நான் சொல்லவில்லை. ஆதாரம் மெலிந்த விதியைத் தாக்குவது எளிது என்பது மட்டும் உறுதி.

உங்களைக் கொதிக்கவைத்த மனுவை டாக்கெட்டில் தேடிப் படித்துப் பாருங்கள். இன்ன தரவு இன்ன நாளில் கிடைக்கும், அதற்காக இத்தனை நாள் என்று காரணம் இருந்தால் நான் அதை எதிர்க்க மாட்டேன். விடுமுறைக் காலம், சிக்கலான கேள்விகள், பல தரப்பினரோடு கலந்து பேச வேண்டியிருக்கிறது என்று எந்த வழக்குக்கும் பொருந்தும் மூன்று வரி மட்டும் இருந்தால் உங்கள் சந்தேகத்தோடு நானும் சேர்ந்துகொள்வேன். அந்த மனுவை எதிர்த்து நீங்களும் அதே டாக்கெட்டில் எழுதலாம். வழக்கறிஞர் தேவையில்லை, சில பத்திகள் போதும். மனு நிலுவையில் இருக்கிறது என்று நம்பி உங்கள் சொந்தக் கருத்தைத் தள்ளிப்போடாதீர்கள், பழைய கெடு நாளுக்கே தயாராக வைத்திருங்கள். அங்கே நீங்கள் கொடுக்கும் பெயரும் முகவரியும் எல்லாருக்கும் தெரியும்படி வெளியாகும் என்பதால், உங்கள் தொலைபேசி எண்ணைக் கருத்துக்குள் எழுதிவிடாதீர்கள்.