9.3×62 ரைஃபிளை விற்காதீர்கள்
அமெரிக்காவின் மொன்டானாவில் எல்க் என்ற பெரிய மான் வேட்டைக்கு, மாமனார் கொடுத்த 9.3×62 ரைஃபிளை விற்றுவிட்டு .300 மேக்னம் (இன்னும் வேகமான தோட்டாவைச் சுடும் ரைஃபிள்) வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து விற்காதீர்கள். 9.3×62 என்பது பெர்லினில் துப்பாக்கித் தயாரிப்பாளர் ஓட்டோ போக் 1905-இல் உருவாக்கிய தோட்டா. சாதாரண மவுசர் 98 ரக ரைஃபிளுக்கே பொருந்தும். 18.5 கிராம் குண்டு நொடிக்குச் சுமார் 720 மீட்டர் வேகத்தில்தான் போகும், ஆனால் நல்ல குண்டாக இருந்தால் எல்க்கின் தோளைத் துளைத்து மறுபக்கம் வந்துவிடும். கறியும் அதிகம் சிதையாது. உதை? பலமாகத் தள்ளும், மேக்னம் மாதிரி சுரீரென்று அறையாது. 100 மீட்டரில் 5 செ.மீ. மேலே படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்துகொண்டால் 200 மீட்டர் வரை யோசிக்காமல் குறிவைக்கலாம். 400 மீட்டர் கதை பேசுபவர்களை விடுங்கள். அப்புறம், தோட்டா கிடைப்பதுதான் உண்மையான தலைவலி. கண்ட இடத்தில் இரண்டு பெட்டி வாங்கி வையுங்கள்; சுட்ட உறைகளை எறியாதீர்கள், மறுபடி நிரப்பிக்கொள்ளலாம்.