இளவரசனுக்கு உப்பு சுமந்தது யார்?

கேள்வி (கல்லூரி மாணவி, ஏற்காடு): மாயாஜால நாவல் ஒன்று எழுதுகிறேன். ராஜாவைக் கொன்றதும் கைக்குழந்தையான இளவரசனைத் தாதி மலைக்குத் தூக்கிவந்து ஒளித்து வளர்க்கிறாள். 18 வயதில் கீழே இறங்கி அரசனாகிறான். படித்த தோழிகள், ‘அவன் திடீர்னு நல்லவனாகிடுறான், நம்பவே முடியலை’ என்கிறார்கள். எங்கே கோட்டை விட்டேன்?

பதில்: மலையிலேயே விட்டுவிட்டீர்கள். அனுப்பிய மூன்று அத்தியாயங்களிலும் பையன் அருவியில் குளிக்கிறான், வில் பழகுகிறான், தாதி சோறு போடுகிறாள், அவ்வளவுதான். அந்தச் சோற்றுக்கு உப்பு எங்கிருந்து வந்தது? உங்கள் ஊரில் காப்பி விளையும், மிளகு விளையும், உப்பு விளையாதே! இன்றைக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வண்டியில் வந்துவிடுகிறது, உங்கள் கதைக் காலத்தில் யாரோ ஒருவர் தலைச்சுமையாகத்தான் கொண்டுவந்திருப்பார், அதுவும் ஒளிந்திருக்கிற வீடு என்பதால் ராத்திரியில், ஆள் நடக்கிற தடத்தை விட்டு விலகி. அவரை எழுதுங்கள்.

எட்டு வயதில் பையனுக்கு அவர் வெறும் உப்புக்காரர். மழை ஈரத்தில் மூட்டை கசிந்து அவர் பிடரியெல்லாம் புண்ணாகிக் கிடப்பதைப் பார்த்துச் சிரிக்கிறான். 15 வயதில் ஒரு நாள் அவர் வருவது நின்றுபோகிறது. பத்து நாள் உப்பில்லாத கஞ்சியைக் குடித்துப் பார்த்துவிட்டுக் கலயத்தைத் தள்ளிவிடுகிறான். கொட்டியதைத் துடைத்தபடியே தாதி சொல்கிறாள்: “அடிவாரத்துல பிடிச்சுட்டாங்கய்யா. நீ இருக்கிற இடத்தை அவர் சொல்லலை.” சரி, இதற்குப் பிறகு அவன் அழ வேண்டாம், சபதமெல்லாம் போடவே வேண்டாம். முடிசூட்டியதும் ராஜகுரு தருமம் போதிக்கிறாரே 12 பக்கம், அதைத் தயவுசெய்து வெட்டிவிடுங்கள். அவன் நேராக அந்த உப்புக்காரர் வீட்டைத் தேடிப் போகட்டும். அந்த வீட்டு அம்மா கதவைத் திறக்காமலே இருக்கட்டும்.

கேள்வி (வாசகர், செவ்வாய்ப்பேட்டை): அடைபட்டு வளர்ந்து அரசனானவர் நம் இலக்கியத்தில் உண்டா?

பதில்: கரிகாலன் இருக்கிறாரே. கூட்டுக்குள் வளர்ந்த புலிக்குட்டி மாதிரி பகைவர் சிறையில் இருந்து வலுவேறி வெளியே வந்தவர் என்கிறது பட்டினப்பாலை. ஆனால் வந்ததும் மனம் இளகிவிடவில்லை, பகைவர் ஊர்களைப் பாழாக்கினார் என்றும் அதே பாட்டுதான் சொல்கிறது. அப்புறம்தான் காடு கொன்று நாடாக்கியது, குளம் தோண்டியது எல்லாம். (அந்த ‘காடு கொன்று’ என்ற இடத்தில் ஏற்காட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருக்கும்.) சிறையில் கிடந்தவரெல்லாம் கருணையோடு வெளியே வருவார் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம்.

கேள்வி (அதே ஏற்காடு மாணவி): கடைசியில் அவனை மலைக்குத் திரும்ப அழைத்து வரலாமா? சேர்வராயன் கோயில் மாதிரி ஒரு குகைக் கோயில், மே மாதத் திருவிழா, பின்னால் 500 குதிரை வீரர்கள்...

பதில்: கோயில் இருக்கட்டும், திருவிழாவும் இருக்கட்டும், மலைக்காரர்களோடு வரிசையில் நின்று கும்பிடட்டும். குதிரைகளைக் கீழேயே நிறுத்திவிடுங்கள். 500 குதிரை மேலே ஏறினால் அத்தனைக்கும் கொள்ளு யார் வீட்டிலிருந்து போகும்?