ஏழு நாள் மலைச் சைக்கிள் போட்டி: கேட்டவற்றுக்கு என் பதில்

கருங்கல் பக்கம் சின்னதா ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். வயது 43. போன வருஷம் இமாச்சலில் நடந்த ஏழு நாள் மவுண்டன் பைக் போட்டியில் ஓட்டிவிட்டு வந்தேன். அதிலிருந்து கடைக்கு ஆணி வாங்க வருகிறவர்கள் வரை கேள்வி கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் வந்த கேள்விகளை மொத்தமாக எடுத்துப் பதில் எழுதுகிறேன்.

அண்ணே, எத்தனையாவது இடம்? (மார்த்தாண்டம்)

கடைசியிலிருந்து எண்ணு தம்பி, சீக்கிரம் வந்துவிடுவேன். ஏழு நாளும் நேரக்கெடுவுக்குள் வந்து சேர்ந்தேன், அது போதும்.

நம்ம ஊரில் அவ்வளவு பெரிய ஏற்றம் எங்கே இருக்கு? எங்க பழகினீங்க? (தக்கலை)

நீளமான ஏற்றம் வேண்டும் என்றால் கேரளப் பக்கம் பொன்முடிதான். 22 கொண்டை ஊசி வளைவு. மாசத்தில் இரண்டு ஞாயிறு அங்கே போவேன். மற்ற நாளெல்லாம் குலசேகரம், பேச்சிப்பாறை பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பாதைகள், தெரிந்தவர்கள் தோட்டமாகப் பார்த்துக் கேட்டுக்கொண்டு போவேன். காலை நாலரைக்குப் போனால் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நடப்பார்கள். நானும் நெற்றியில் விளக்கோடு போவேன், முதல் வாரம் ஒருத்தர் "எந்தத் தோட்டத்துக்கு வெட்டுக்குப் போறிய?" என்று கேட்டார். தை மாசிக்கு மேல் இலை உதிர்ந்து பாதை முழுக்க மெத்தை மாதிரி கிடக்கும், அதற்கடியில் வேர் எங்கே, கல் எங்கே என்று தெரியாது. இறக்கத்தில் சைக்கிளைப் பிடிக்க நான் படித்தது அங்கேதான். காட்டுப் பக்கம் அனுமதி இல்லாமல் போகாதீங்க, கீரிப்பாறைப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு.

இன்னொன்று, காற்று. ஆனி ஆடியில் முப்பந்தல் வரை போய், திரும்பி நாகர்கோவில் பார்த்து மிதித்துப் பாருங்கள். சமதரைதான், ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். அங்கே ஒரு மணி நேரம் மிதிப்பதும் மலை ஏறுவதும் ஒன்றுதான். மின்சாரக் காத்தாடிகளை எல்லாம் சும்மாவா அங்கே கொண்டு நட்டிருக்கிறார்கள்.

ஏற்றம் கஷ்டமா, இறக்கம் கஷ்டமா? (குளச்சல்)

இரண்டும் இல்லை. நாலாம் நாள் காலையில் சீட்டில் உட்காருகிற அந்த ஒரு நிமிஷம்தான். வெட்கப்படாமல் சொல்கிறேன், போகிறவர்களுக்கு உதவும். பஞ்சு வைத்த சைக்கிள் டிரவுசருக்குள் ஜட்டி போடக் கூடாது, அதன் தையல்தான் முதலில் அறுக்கும். இது எனக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால், அந்தக் குளிரில் துவைத்த டிரவுசர் காயாது. மூன்றாம் நாள் ஈரம் போகாத டிரவுசரோடு ஆறு மணி நேரம் ஓட்டினேன். மறுநாள் காலை தொடை இடுக்கில் இரண்டு கொப்புளம். ஒரே நாள் போட்டியில் எது நடந்தாலும் பல்லைக் கடித்து முடித்துவிட்டு வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ளலாம். இதில் இன்று செய்த தப்பு நாளைக்கு நம்மோடு கூடவே வரும். குறைந்தது நாலு டிரவுசர், உராய்வுக்குப் பூசுகிற கிரீம், வந்து சேர்ந்த உடனே குளித்துக் காற்றாட உட்காருவது, இதெல்லாம் தொடை பலத்தைவிட முக்கியம்.

இறக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். போட்டிப் பாதையில் வந்த ஜலோரி கணவாய் 3,000 மீட்டருக்கு மேல். ஏறும்போது வேர்த்துக் கொட்டியது. ஷோஜா பக்கம் இறங்கத் தொடங்கியதும் மழை. பத்து நிமிஷத்தில் விரல் மரத்துப்போய், பிரேக்கை அழுத்துகிறேனா இல்லையா என்று விரலைக் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நிறுத்தி, கையை அக்குளில் வைத்துச் சூடாக்கி, பிறகு போனேன். அந்தச் சேற்றில் புது பிரேக் பேட் ஒரே நாளில் இரும்புவரை தேய்ந்தது. மழை இருந்தால் சீக்கிரம் தேய்கிற ரெசின் (பிசின்) பேடு வேண்டாம், சின்டர்டு என்கிற, உலோகப் பொடியை இறுக்கிச் செய்த பேடு இரண்டு ஜோடி கொண்டுபோங்கள்.

அண்ணே, டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றுகிற சீலன்டும் ரப்பர் பால்தானாமே. நம்ம ஊர்ப் பாலையே ஊற்றினால் என்ன? (குலசேகரம்)

குலசேகரத்தில் இருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். நான் செய்து பார்த்துவிட்டேன் மக்கா. சீலன்டு என்றால் டயர் ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கிற திரவம். பல சீலன்டுகளில் இயற்கை ரப்பர் பால் உண்டு, அது கட்டியாகாமல் இருக்க அம்மோனியா சேர்ப்பார்கள். சில பாட்டிலைத் திறந்தால் அப்படியே நம்ம பால் டிரம் வாசம். சித்தப்பா தோட்டத்தில் அம்மோனியா விட்ட பால் அரை டம்ளர் வாங்கிப் பின்சக்கரத்தில் ஊற்றினேன். இரண்டு நாள் நன்றாக நின்றது. மூன்றாம் நாள் சக்கரம் சுற்றினால் உள்ளே ஏதோ புரண்டு தட்டுகிறது. டயரைக் கழற்றினால் நெல்லிக்காய் அளவில் ஒட்டுப்பால் (கட்டியான ரப்பர் பால்) உருண்டை, சுற்றிலும் கலங்கின தண்ணி. கடைச் சீலன்டில் சீக்கிரம் காயாமல், குளிரில் உறையாமல் இருக்க கிளைகால் சேர்க்கிறார்கள், ஓட்டையில் போய் அடைக்கப் பொடியும் போடுகிறார்கள். நம்ம பாலில் அது ஒன்றும் இல்லையே. இருந்தாலும் முழுத் தோல்வி என்று சொல்லமாட்டேன், அந்த இரண்டு நாளில் ஒரு முள் ஓட்டையை அடைத்தது.

கடல்மட்டத்திலிருந்து போகிற உங்களுக்கு மூச்சு எப்படி இருந்தது? (ஆசாரிபள்ளம், நர்ஸாக வேலை பார்க்கும் அக்கா)

அக்காவுக்குத் தெரியாததா. 3,000 மீட்டரிலும் காற்றில் ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான், அழுத்தம் குறைவதால் நமக்குக் கிடைப்பது கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய 70 சதவீதம். நான் ஐந்து நாள் முன்பே சிம்லா போய்ச் சும்மா நடந்தேன். அப்படியும் முதல் இரண்டு இரவு தூக்கம் வரவில்லை. தலைவலியோடு வாந்தியும் வந்தால் மேலே ஏறக் கூடாது, இறங்கிவிட வேண்டும். அப்புறம், மலை நோய்க்குப் போடுகிற அசிட்டசோலமைடு மாத்திரை ஊக்கமருந்துத் தடைப்பட்டியலில் இருக்கிறது, போட்டிக்குப் போகிறவர்கள் மருத்துவரிடமும் போட்டி நடத்துகிறவர்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாடு? (இரணியல்)

மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போகவேண்டும், பசிக்கும்வரை காத்திருந்தால் ஆட்டம் முடிந்தது. நான் கருப்பட்டியைச் சின்னச் சின்னதாக உடைத்து உப்புத் தொட்டு வைத்துக்கொண்டேன். ஓட்டத்தில் சக்திக்குச் சாப்பிடுகிற இனிப்புக் கூழான பாக்கெட் ஜெல் ஐந்தாம் நாள் தொண்டையில் இறங்கவில்லை, கருப்பட்டி இறங்கியது. இரவில் ராஜ்மா சாதம் ருசியாக இருந்தது என்று இரண்டு தடவை வாங்கினேன். மறுநாள் என் பின்னால் வந்தவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து தென்னாப்பிரிக்கா கேப் எபிக்கா? (வடசேரி)

ஆசைதான். அதுவும் மலைச் சைக்கிள் போட்டிதான், 2004-இல் தொடங்கியது, எட்டு நாள், இரண்டு பேர் ஒரே அணி. கூட்டாளியை விட்டு இரண்டு நிமிஷத்துக்கு மேல் விலகக் கூடாது. எட்டு நாள் என் கூடவே ஓட்டிக்கொண்டு, நான் முனகுவதைக் கேட்டுக்கொண்டு வர ஒரு ஆள் கிடைக்கவேண்டும். வீட்டுக்காரியிடம் கேட்டேன், சைக்கிள் ஓட்டத் தெரியாது என்று தப்பித்துவிட்டாள்.

சைக்கிளை ரயிலில் எப்படிக் கொண்டுபோனீங்க? (அஞ்சுகிராமம்)

திருக்குறள் எக்ஸ்பிரஸ், கன்னியாகுமரியிலிருந்து டெல்லி நிஜாமுதீன் வரை. சக்கரங்களைக் கழற்றி அட்டைப்பெட்டியில் வைத்து பார்சலில் போட்டேன். ஹேண்டிலைத் திருப்பி வையுங்கள், டிஸ்க் பிரேக்கின் பேடுகளுக்கு நடுவே மடித்த அட்டைத் துண்டு ஒன்று சொருகுங்கள். பெடலையும் கழற்றவேண்டும், இடது பெடல் எதிர்ப்பக்கம் திருகினால்தான் கழலும், தெரியாமல் முறுக்கி மரையைக் கெடுத்துவிடாதீங்க. கழற்றியதைப் பெட்டிக்குள்ளேயே போட்டுவிடுங்கள். நான் பத்திரமாக இருக்கட்டும் என்று கடை மேசை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு ரயில் ஏறினேன், டெல்லியில் இறங்கிப் பெட்டியைப் பிரித்தபோதுதான் ஞாபகம் வந்தது.