சொத்து, ஏற்றத்தாழ்வு, எதிர்ப்பு: மகள் இதை ஆராயப் போகிறாளாமே?

உங்கள் மகள் முனைவர் பட்டத்துக்கு இந்தத் தலைப்பைச் சொன்னதும், ‘படிக்கப் போகிறாளா, போராடப் போகிறாளா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். படிக்கத்தான் போகிறாள், அம்மா. அதிலும் பாதி நாள் பழைய பத்திரங்களையும் வழக்குக் கட்டுகளையும்தான் படிக்க வேண்டியிருக்கும்.

இங்கிலாந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1604 முதல் 1914 வரை, பொது நிலங்களை வேலியடைக்க 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்களை நாடாளுமன்றம் இயற்றியது. ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர் பொதுப் பயன்பாட்டிலிருந்து தனியார் கைக்குப் போனது. தலைமுறைகளாக அங்கே ஆடு மேய்த்தவரும் விறகு பொறுக்கியவரும் அத்துமீறியவர்கள் ஆனார்கள். 1649-இல், நிலம் எல்லோருக்கும் பொது என்று சொன்ன ஜெரார்ட் வின்ஸ்டன்லியும் கூட்டாளிகளும் சர்ரேயில் பொது நிலத்தைக் கொத்தி கேரட்டும் பீன்ஸும் விதைத்தார்கள். ஓராண்டு போவதற்குள் விரட்டப்பட்டார்கள். 1723-இல் வந்த சட்டமோ, முகத்தில் கரி பூசிக்கொண்டு காட்டில் மான் வேட்டையாடினால் தூக்கு என்றது! ‘எது சொத்து என்று தீர்மானித்தவர் யார், அதை ஏற்காதவர்கள் என்ன செய்தார்கள்?’ இதுதான் ஆய்வாளரின் கேள்வி.

எந்தத் துறையில் சேர்வது என்று ரொம்பக் குழம்ப வேண்டாம். எலினார் ஆஸ்ட்ரம் அரசியல் அறிவியல் படித்தவர். பொது வளங்களை மக்களே நிர்வகிப்பது பற்றிய ஆய்வுக்காக 2009-இல் அவருக்குக் கிடைத்தது பொருளாதார நோபல். வரலாறு, சட்டம், மானுடவியல் என எந்த வாசல் வழியாகவும் உள்ளே வரலாம். ஆனால் புள்ளியியலைக் கொஞ்சமாவது கற்கச் சொல்லுங்கள். பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் தாமஸ் பிக்கெட்டி ஏற்றத்தாழ்வைக் கணக்கிட்டது பழைய வரி, வாரிசுரிமைப் பதிவேடுகளை வைத்துத்தான். கோபம் மட்டும் இருந்தால் நல்ல கட்டுரை வரலாம், ஆய்வேடு வராது.

சரி, வேலை? பேராசிரியர் பணியிடங்கள் குறைவு, போட்டி அதிகம். அதை மறைக்க மாட்டேன். நில உரிமை அமைப்புகள், கொள்கை ஆய்வு நிறுவனங்கள், ஆவணக் காப்பகங்கள், இதழியல் ஆகியவற்றிலும் பத்திரமும் வரைபடமும் படிக்கத் தெரிந்தவருக்கு இடம் உண்டு. உதவித்தொகை இல்லாத இடத்தில் மட்டும், கடன் வாங்கிச் சேர வேண்டாம். நெறியாளரின் பழைய மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரைவிட எனக்கு அதுதான் முக்கியம்.

அப்புறம், எந்த நிலம், எந்தக் காலம், எந்த ஆவணம் என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத முடியவில்லையென்றால், ஓராண்டு ஆய்வு உதவியாளராக இருந்துவிட்டு விண்ணப்பிக்கட்டும்.