கொழுப்பு சொல்லும் சேதி: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: கொழுப்பு என்றால் ரத்தக் குழாயில் படியும், இடுப்பில் சேரும் என்றுதான் இதுவரை கேள்விப்பட்டிருக்கிறேன். செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்வதும் கொழுப்பால்தான் என்று மகளின் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. இது எப்படி?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஒவ்வொரு செல்லையும் சுற்றி இரண்டு அடுக்குக் கொழுப்பாலான சவ்வு இருக்கிறது. அதை வெறும் மதில்சுவர் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். உண்மையில் அந்தச் சுவரின் செங்கல்லிலேயே சேதி புதைந்திருக்கிறது. சவ்வில் உள்ள பாஸ்போலிப்பிட் மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் இரண்டு கொழுப்பமில வால்கள் உண்டு. பல மூலக்கூறுகளில் இரண்டாவது வால் அராக்கிடோனிக் அமிலம்: 20 கார்பன், 4 இரட்டைப் பிணைப்பு. செல்லுக்கு அடிபட்டாலோ கிருமி தாக்கினாலோ உள்ளே கால்சியம் உயர்கிறது. உடனே பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்ற நொதி சவ்வில் ஒட்டி, அந்த வாலை வெட்டி எடுக்கிறது. வெட்டிய வாலிலிருந்துதான் புரோஸ்டாகிளாண்டின், த்ராம்பாக்சேன், லுகோட்ரையீன் என்ற சேதிப் பொருள்கள் எல்லாம் பிறக்கின்றன.

இன்சுலினைப் போல இவற்றை முன்கூட்டியே செய்து பையில் அடைத்து வைக்க முடியாது. கொழுப்புத் தன்மை உள்ளவை எந்தச் சவ்விலும் கசிந்துவிடும். ஆகவே தேவைப்படும்போது தேவைப்படும் இடத்தில் உருவாகி, பக்கத்துச் செல்லுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு அழிந்துவிடுகின்றன. த்ராம்பாக்சேன் ஏ2 உருவான 30 வினாடிக்குள் அதில் பாதி சிதைந்துபோகும். அவ்வளவு வேகமாக மறைகிற பொருளைத் துரத்திப் பிடிப்பது கடினம். அதனால் நமக்குத் தெரிந்த வலி மாத்திரைகள் பெரும்பாலும் அதை உருவாக்கும் நொதியைத்தான் தடுக்கின்றன. ஆஸ்பிரின் வேலை செய்வது இப்படித்தான் என்று பிரிட்டன் மருந்தியல் ஆய்வாளர் ஜான் வேன் 1971-இல் காட்டினார். பெர்க்ஸ்ட்ரோம், சாமுவெல்சன் ஆகியோருடன் 1982-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மாத்திரை புழக்கத்துக்கு வந்து எழுபது ஆண்டு கழித்தே காரணம் தெரிந்தது.

கேள்வி: அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடம் ஆகிறது. தினமும் ஆஸ்பிரின் 75 மி.கி. சாப்பிடுகிறார். முழங்கால் வலிக்குக் கடையில் ஐபுப்ரூஃபன் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். 'ரெண்டும் ஒரே ஜாதி மாத்திரைதானே, ரத்தம் உறையாமல் இன்னும் நல்லாத்தான் பாத்துக்கும்' என்கிறார். சரியா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: சரியில்லை. ஆஸ்பிரின் தரும் பாதுகாப்பையே ஐபுப்ரூஃபன் கெடுத்துவிடக்கூடும். இது நேரம் தொடர்பான சிக்கல் என்பதால் விரிவாகச் சொல்கிறோம்.

ரத்தத் தட்டணுவுக்குள் சைக்ளோ ஆக்சிஜனேஸ் என்ற நொதி இருக்கிறது. அதன் நடுவே ஒடுக்கமான ஒரு சுரங்கம். அராக்கிடோனிக் அமிலம் அந்தச் சுரங்கத்துக்குள் போனால்தான் த்ராம்பாக்சேன் உருவாகும். 'எல்லாரும் வந்து ஒட்டுங்கள்' என்று மற்றத் தட்டணுக்களை அழைப்பது அதுதான். ஆஸ்பிரின் அதே சுரங்கத்துக்குள் நுழைந்து, அங்குள்ள செரின் என்ற அமினோ அமிலத்தின்மேல் தன் அசிட்டைல் துண்டை ஒட்டிவைக்கிறது. ஒட்டியது ஒட்டியதுதான். ஆஸ்பிரின் ரத்தத்தில் தங்குவதோ கொஞ்ச நேரம்; 15 முதல் 20 நிமிடத்தில் பாதி போய்விடும். ஆனால் தட்டணுவுக்கு உட்கரு இல்லை. புது நொதி செய்துகொள்ள வழியில்லாமல், தன் 7–10 நாள் ஆயுள் முழுக்க அது ஊமையாகவே இருக்கும். தினமும் பத்தில் ஒரு பங்கு தட்டணுக்கள் புதிதாக வருகின்றன. அவற்றை அடக்கத்தான் அன்றாட 75 மி.கி. ரத்தக் குழாய்ச் சுவரின் செல்களுக்கு உட்கரு உண்டு. அவை நொதியைத் திரும்பச் செய்து, 'ஒட்டாதே' என்று சொல்லும் புரோஸ்டாசைக்ளினைச் சுரந்துகொண்டே இருக்கும். சிறிய அளவு போதுமானதாக இருப்பது இதனால்தான்.

இப்போது ஐபுப்ரூஃபன். அதுவும் அதே சுரங்கத்தில்தான் உட்காரும், ஆனால் ஒட்டாது. சில மணி நேரத்தில் எழுந்து போய்விடும். அது உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஆஸ்பிரின் வந்தால் உள்ளே இடமில்லை. ஐபுப்ரூஃபன் எழுந்து போவதற்குள் ஆஸ்பிரின் ரத்தத்தைவிட்டே போயிருக்கும். தட்டணுக்கள் பழையபடி ஒட்ட ஆரம்பிக்கும். அப்பா இரண்டு மாத்திரையும் விழுங்கியிருப்பார். ஸ்டென்டுக்குக் காவல் இருக்காது.

உறையில்லாத ஆஸ்பிரின் என்றால், எப்போதாவது போடும் ஒரு 400 மி.கி. ஐபுப்ரூஃபனுக்கு ஒரு கணக்கு உண்டு: ஆஸ்பிரின் சாப்பிட்டுக் குறைந்தது அரை மணி நேரம் கழித்து ஐபுப்ரூஃபன், ஐபுப்ரூஃபனை முதலில் போட்டுவிட்டால் ஆஸ்பிரினுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி. ஆனால் நம் கடைகளில் கிடைக்கும் 75 மி.கி. ஆஸ்பிரின் பெரும்பாலும் உறையிட்டது. வயிற்றில் கரையாமல் குடலுக்குப் போய்த்தான் கரையும். எப்போது ரத்தத்தில் ஏறும் என்று மணி பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு இந்தக் கணக்கை நம்பவேண்டாம். மூன்று வேளை ஐபுப்ரூஃபன் போடுகிறவருக்கு இடைவெளி என்று ஒன்றே கிடைக்காது.

'அப்படியானால் டைக்ளோஃபினாக்?' என்று அடுத்து கேட்பார். அது ஆஸ்பிரினின் வழியை அவ்வளவாக மறிக்காது. ஆனால் குழாய்ச் சுவரின் புரோஸ்டாசைக்ளினைக் குறைத்து, தானே மாரடைப்பு அபாயத்தைக் கூட்டுகிறது. ரோஃபிகாக்சிப் என்ற வலி மாத்திரை 2004-இல் உலகச் சந்தையிலிருந்தே விலக்கிக்கொள்ளப்பட்டதும் மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால்தான்.

முதலில் பாராசிட்டமால், முழங்காலில் தடவும் வலி ஜெல் (ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு), தொடையின் முன்தசையை வலுவாக்கும் பயிற்சி: இந்த வரிசையில் மருத்துவரிடம் பேசுங்கள். வேறொன்றையும் பாருங்கள். டெல்மிசார்ட்டன், எனலாப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரையோடு நீர் போகும் மாத்திரையும் சாப்பிடுகிறவர் என்றால், மேலே வலி மாத்திரையும் சேரும்போது சிறுநீரகம் திடீரென்று பழுதாகலாம். சிறுநீரகத்துக்குள் ரத்தம் வரும் குழாயை விரித்து வைத்திருப்பதும் ஒரு புரோஸ்டாகிளாண்டின்தான். மலம் தாராகக் கறுத்துப் போனால் வயிற்றில் ரத்தக்கசிவு; அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் ஆஸ்பிரினைத் தானாக நிறுத்தக்கூடாது.

கேள்வி: எனக்கு ஆஸ்துமாவும் மூக்கில் சதை வளர்ச்சியும் உண்டு. தலைவலிக்கு ஆஸ்பிரின் போட்ட ஒரு மணி நேரத்தில் மூச்சு முட்டி மருத்துவமனையில் சேர்த்தார்கள். வலியைக் குறைக்கும் மாத்திரை எப்படி மூச்சை அடைக்கும்?
– வாசகி, ஈரோடு

பதில்: வெட்டி எடுத்த அராக்கிடோனிக் அமிலத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று புரோஸ்டாகிளாண்டினுக்குப் போவது, இன்னொன்று லுகோட்ரையீனுக்குப் போவது. முதல் வழியில் உருவாகும் புரோஸ்டாகிளாண்டின் ஈ2, இரண்டாவது வழிக்கு ஒரு பிரேக்காகவும் இருக்கிறது. உங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் பிரேக் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். ஆஸ்பிரின் மிச்சத்தையும் எடுத்துவிட, லுகோட்ரையீன் மடைதிறந்தது போல் வந்து மூச்சுக்குழாய்த் தசையை இறுக்குகிறது, மூக்கும் அடைத்துக்கொள்ளும். பொதுவாக அரை மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் இது நடக்கும். இது சாதாரண மருந்து ஒவ்வாமை அல்ல. ஒரே ஒரு மாத்திரைக்கு மட்டும் உரியதும் அல்ல: ஐபுப்ரூஃபன், டைக்ளோஃபினாக், நேப்ராக்சன் எதுவும் இதையே செய்யும். சளி, உடல்வலிக் கூட்டு மாத்திரைகளில் இவை ஒளிந்திருக்கும். அட்டையைப் பின்பக்கம் திருப்பிப் படிக்காமல் போடாதீர்கள். பாராசிட்டமால் 500 மி.கி. பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும், 1000 மி.கி. ஒரே நேரத்தில் போனால் சிலருக்கு அதுவும் இழுப்பைக் கிளப்பும். லுகோட்ரையீனின் ஏற்பியை அடைக்கும் மாண்டிலூகாஸ்ட் உதவக்கூடும். அது சிலருக்குத் தூக்கக்கேடு, மனச்சோர்வு தரும் என்பதால் மருத்துவர் சொன்னால் மட்டும். உங்கள் மருத்துவச் சீட்டுகளின் மேல்பக்கத்தில் 'ஆஸ்பிரின் வகை கூடாது' என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பல் மருத்துவரிடமும் காட்டுங்கள்.

கேள்வி: டெங்கு என்று சந்தேகம் வந்தாலே பாராசிட்டமால் தவிர எதுவும் கூடாது என்கிறார்கள். ஏன்?
– வாசகர், மதுரை

பதில்: காய்ச்சல் என்பது உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸில் புரோஸ்டாகிளாண்டின் ஈ2 சொல்லும் சேதி. ஆஸ்பிரின், ஐபுப்ரூஃபன், பாராசிட்டமால் மூன்றுமே அதைக் குறைக்கும். முதல் இரண்டும் தட்டணுக்களின் த்ராம்பாக்சேனையும் நிறுத்தும், வயிற்றுச் சவ்வின் பாதுகாப்பையும் குறைக்கும். டெங்குவில் தட்டணுக்கள் ஏற்கெனவே சரிந்திருக்கும்; மிஞ்சியவற்றையும் ஊமையாக்கினால் ரத்தக்கசிவுக்கு அழைப்பு வைத்தது போல. பாராசிட்டமாலுக்குத் தட்டணுவின்மேல் பிடி குறைவு. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 3 கிராமுக்கு மேல் போகக்கூடாது. குழந்தைக்கு எடையில் கிலோவுக்கு 10 மி.கி. வீதம், நாளில் மூன்று நான்கு முறை. டெங்குவில் கல்லீரலும் பாதிக்கப்படும் என்பதால், காய்ச்சல் இறங்கவில்லையே என்று அளவைக் கூட்டுவது ஆபத்து.

கேள்வி: மீன் எண்ணெய் மாத்திரை '1000 மி.கி.' என்று போட்டிருக்கிறது. மத்தி மீன் சாப்பிட்டால் போதாதா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: போதும், மத்தியையே நாங்கள் சொல்வோம். மாத்திரையில் 1000 மி.கி. என்பது மொத்த எண்ணெய். வழக்கமான ஒன்றில், பயன் தரும் ஒமேகா-3 கொழுப்பமிலங்களான இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 மி.கி. மட்டுமே. இ.பி.ஏ. சவ்வில் அராக்கிடோனிக் அமிலத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதிலிருந்து பிறக்கும் த்ராம்பாக்சேனுக்குத் தட்டணுக்களை ஒட்டவைக்கும் சக்தி மிகக் குறைவு. சவ்வு மாற வாரங்கள் ஆகும். வாரம் இரண்டு முறை குழம்பு வைத்துச் சாப்பிடுங்கள். அதிக அளவு மாத்திரை சிலருக்கு இதயத் துடிப்பின் சீரைக் கெடுக்கும்.

கேள்வி: உயிர்வேதியியல் படிக்கிறேன். பி.ஐ.பி.2 வெட்டுப்பட்டால் ஒரு சேதி, பாஸ்பேட் சேர்ந்தால் வேறு சேதி என்கிறார்கள். இரண்டும் குழம்புகிறது.
– மாணவர், கோயம்புத்தூர்

பதில்: வெட்டுவது, ஒட்டுவது என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் தீரும். பி.ஐ.பி.2 என்பது சவ்வில் உள்ள ஒரு பாஸ்போலிப்பிட்; செல்லின் வெளிச்சவ்வுக் கொழுப்பில் ஏறத்தாழ ஒரு சதவீதம்தான், அதுவும் உட்பக்க அடுக்கில். பாஸ்போலிப்பேஸ் சி அதன் தலையைக் கொய்தால் தலை ஐ.பி.3 ஆகி நீரில் மிதந்துபோய், செல்லுக்குள் கால்சியத்தைச் சேமித்து வைத்திருக்கும் உள்வலைப்பின்னலில் இருந்து அதைத் திறந்துவிடும். இதை மைக்கேல் பெரிட்ஜும் சக ஆய்வாளர்களும் 1983-இல் காட்டினார்கள். தலைபோன மிச்ச உடல் டைஅசைல்கிளிசரால்; அது சவ்விலேயே தங்கிப் புரதக் கைனேஸ் சி என்ற நொதியை அழைக்கும். ஒரே வெட்டில் இரண்டு சேதி.

ஒட்டுவது வேறு. பி.ஐ.3 கைனேஸ் என்ற நொதி, பி.ஐ.பி.2-வின் தலையில் உள்ள வளையத்தின் மூன்றாம் இடத்தில் ஒரு பாஸ்பேட் ஒட்டினால் அது பி.ஐ.பி.3. இங்கே எதுவும் மிதந்து போவதில்லை. சவ்வில் ஒரு கொடி நட்டது போல. அதைப் பார்த்து ஏ.கே.டி. புரதம் வந்து ஒட்டி, 'வளர், சாகாதே' என்ற சேதி கிளம்பும். கொடியைப் பிடுங்குவது பி.டி.இ.என். என்ற நொதி; 1997-இல் இனங்கண்டார்கள். பல புற்றுநோய்களில் பிடுங்குபவர் இல்லாமல் போயிருப்பார், அல்லது நடுபவர் நிற்காமல் நட்டுக்கொண்டிருப்பார்.

அல்பெலிசிப் என்ற மார்பகப் புற்று மருந்து 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நடுபவரின் கையைப் பிடிப்பதே அதன் வேலை. இன்சுலின் தன் சேதியைச் சொல்வதும் இதே கொடியால்தான். அதனால் அந்த மருந்து சாப்பிடுவோரில் பலருக்கு ரத்தச் சர்க்கரை ஏறுகிறது. மருந்து தொடங்கும் முன்பே வெறும்வயிற்றுச் சர்க்கரையும் மூன்று மாதச் சராசரியும் பார்க்கிறார்கள். ஆரம்ப வாரங்களில் அடிக்கடி பார்ப்பார்கள். தேர்வில் பக்கவிளைவு கேட்டால் மனப்பாடம் தேவையில்லை, வழியை வரைந்தால் விடை தானே வரும்.