சத்திரத்துக்கு சிமெண்ட் பூசலாமா?

கேள்வி: வணக்கம் சார். மன்னார்குடி பக்கம் எங்க ஊர்ல மராட்டியர் காலத்து சத்திரம் ஒண்ணு கேப்பாரில்லாம கெடக்கு. திண்ணை சரிஞ்சிருச்சு, செவுத்துல அரசங்கன்னு மொளைச்சிருக்கு. பசங்க சேந்து காசு போட்டு கன்னைப் புடுங்கிட்டு சிமெண்ட் பூசி பெயிண்ட் அடிச்சிரலாம்னு இருக்கோம். சரிதானே?
- ஒரு வாசகர்

பதில்: ரொம்ப சந்தோஷம் தம்பி, ஆனா சிமெண்ட் மட்டும் வேணவே வேணாம். அது சுண்ணாம்புக் காரை வச்சு கட்டுன செவுரு, தரையிலேர்ந்து ஏறுற ஈரம் காரை வழியாத்தான் வெளிய போகும், மேல சிமெண்ட்டப் பூசுனா ஈரம் உள்ளயே நின்னு உப்பு பூத்து, செங்கல் மாவா உதிர ஆரம்பிச்சிரும், வெளிய பாத்தா பளபளன்னுதான் இருக்கும். கன்னையும் புடுங்காதீங்க, வேர் செங்கல்லையும் சேத்து இழுத்துட்டு வந்துரும். அது விவரம் தெரிஞ்ச ஆள் கொஞ்சங்கொஞ்சமா அறுத்து எடுத்து, பொந்தை சுண்ணாம்புக் கலவையால அடைக்க வேண்டிய வேலை.

இதுக்கெல்லாம் முன்னாடி, இடம் யார் பேர்ல இருக்குன்னு விஏஓகிட்ட சர்வே நம்பர் சொல்லி கேளுங்க. மராட்டியர் சத்திரங்க பலது இன்னும் அரசாங்கப் பொறுப்புலதான் இருக்கு, அனுமதி இல்லாம கை வைக்க முடியாது.

அதுவரைக்கும் சும்மா இருக்க வேணாம், பதிவு பண்ணுங்க, எனக்கு இதுதான் பெரிய வேலையாத் தோணுது. ரெண்டு பேர் டேப் புடிச்சு ஒவ்வொரு அறையையும் நீளம் அகலத்தோட மூலைக்கு மூலை குறுக்கயும் அளங்க, பழைய கட்டடத்துல அறை சரியான சதுரமா இருக்கும்னு நம்ப முடியாது, குறுக்களவு இருந்தாத்தான் பிளான் சரியா வரும். செங்கல், தூண், உத்தரம் எதை போட்டோ எடுத்தாலும் பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு எடுங்க. கல்வெட்டு இருந்தா சாக்பீஸ் தேய்க்காதீங்க, காலைல சாய்வெயில் விழுறப்ப பக்கவாட்டுல எடுத்தா எழுத்து தானா தெளியும். அடுப்படி எது, கெணறு எங்க இருந்துச்சுன்னு பெரியவங்களக் கேட்டு அவங்க பேச்சை ரெக்கார்ட் பண்ணிக்கங்க.

ஏன்னா சத்திரம்னா வெறும் தங்குற எடம் இல்ல தம்பி. ஒரத்தநாட்டுல முக்தாம்பாள் சத்திரத்தக் கட்டுன தஞ்சாவூர் மராட்டிய ராஜா இரண்டாம் சரபோஜி, 1801-ல இங்கிலீஷ் ரெசிடென்ட்டுக்கு (அதாவது தஞ்சாவூர்ல இருந்த கம்பெனி பிரதிநிதிக்கு) எழுதுன கடிதத்துல சத்திரங்கள்ல வழிப்போக்கருக்கு சோறு, சீக்காளிக்கு வைத்தியம்னு என்னென்ன நடக்குதுன்னு சொல்லித்தான் இந்த தர்மம் நிக்கக்கூடாதுன்னு கேக்குறாரு. மராட்டியர் காலத்துல மோடிங்கற எழுத்துல மராத்தி மொழியில எழுதி வச்ச ஆவணங்கள தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி தொகுதிகளா போட்டிருக்கு, உங்க ஊர்ப் பேரு இருக்கான்னு அதுல தேடிப் பாருங்க.

எல்லாத்தையும் ஒரு ஃபைலா சேத்து கலெக்டர் ஆபீஸ் மனுவோட வச்சுக் குடுங்க, ஒரு காப்பி ஊர் நூலகத்துல இருக்கட்டும். ஐப்பசி மழைக்கு முன்னாடி அளந்து முடிச்சிருங்க, சரிஞ்ச திண்ணைப் பக்கம் மட்டும் யாரும் போவாதீங்க.