கொசுமெலில் எட்டரை மணி நேரம்: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜூலையில் மயாமியிலிருந்து ஏழு நாள் கப்பல் பயணம் போகிறோம். நான், கணவர், ஒன்பது வயது மகன், மதுரையிலிருந்து வந்திருக்கும் மாமியார் (68). மெக்சிகோவின் கொசுமெல் தீவில் காலை 8 முதல் மாலை 5 வரை கப்பல் நிற்கும், 4.30-க்குள் ஏறிவிட வேண்டும். அடுத்தது கிராண்ட் கேமன். எதிர்க்கரையில் மாயர் என்ற பழங்குடியினரின் பழைய நகரமான துலும் இருக்கிறது. கப்பலில் விற்கும் துலும் சுற்றுலா நான்கு பேருக்குப் பெரிய தொகை ஆகிறது. நாங்களே படகு பிடித்து துலும் கோயில்களைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து பவளப்பாறையும் பார்க்க முடியுமா? அத்தையும் நானும் சைவம்.

கலைவாணி, நியூ ஜெர்சி

அன்புள்ள கலைவாணி,

துலுமை இந்த முறை விட்டுவிடுங்கள். ஏன் என்பதைக் கணக்காகவே தருகிறேன். கப்பலேற வேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்தால்தான் கையில் எவ்வளவு பொழுது இருக்கிறது என்று தெரியும்.

முதலில் கடிகாரம். கொசுமெல் இருக்கும் கிந்தானா ரோ மாநிலத்தில் 2015 முதல் கோடைக்காக நேரத்தை மாற்றுவதில்லை. மயாமியில் மாற்றுகிறார்கள். அதனால் ஜூலையில் தீவு ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும். பல கப்பல்கள் மயாமி நேரத்திலேயே ஓடும். உங்கள் கைபேசியோ கரையில் இறங்கியதும் தீவு நேரத்துக்குத் தானாக மாறிவிடும். கைபேசி 4 மணி காட்டும்போது கப்பலில் 5 ஆகியிருக்கும், அதாவது புறப்படும் நேரம். கைபேசியின் தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு, ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். கப்பல் எந்த நேரத்தில் ஓடுகிறது என்பதை முந்தின இரவு வரும் தினசரித் தாளிலோ வரவேற்பு மேசையிலோ கேட்டு உறுதி செய்யுங்கள்.

உங்கள் கப்பல் மயாமி நேரத்தில் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். தீவு நேரப்படி காலை 7-க்குக் கப்பல் கட்டப்படும், 3.30-க்குள் ஏற வேண்டும். அதிகாரிகளின் அனுமதி, லிஃப்ட் நெரிசல் எல்லாம் தாண்டி இறங்க 7.40 ஆகும். டாக்சி பிடித்து சான் மிகேல் ஊரிலுள்ள படகுத்துறை போய், சீட்டு வாங்கி, 9 மணிப் படகில் ஏறினால் 9.45-க்கு எதிர்க்கரை ஊரான ப்ளாயா டெல் கார்மென். அங்கிருந்து துலும் 60 கிலோமீட்டருக்கு மேல். வண்டி பிடித்துப் போய்ச் சேர 11. நிறுத்தத்திலிருந்து நடந்து, வரிசையில் நின்று உள்ளே போக 11.30. மதியம் 1 மணிப் படகைப் பிடிப்பதென்றால் உள்ளே உங்களுக்குக் கால் மணி நேரம். 2 மணிப் படகு என்றால் ஒன்றேகால் மணி நேரம் கிடைக்கும். ஆனால் கப்பலின் வாசலுக்கு வரும்போது மிஞ்சுவது பத்தே நிமிடம். நிழலே இல்லாத அந்த இடத்தில் ஜூலை நண்பகல் வெயிலில் அத்தை நிற்க வேண்டும். இடியும் மழையும் வந்து ஒரு படகு ரத்தானால் அந்தப் பத்து நிமிடமும் இல்லை. கப்பலிலேயே வாங்கிய சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அவர்கள் பொறுப்பில் அடுத்த துறைமுகத்தில் சேர்ப்பார்கள். சொந்தமாகப் போனவருக்கு எந்தக் கப்பலும் காத்திருக்காது. அந்தப் பெரிய தொகையில் ஒரு பங்கு இதற்கான விலைதான்.

மாயர் கட்டடங்களைப் பார்க்கத் தீவை விட்டே போக வேண்டியதில்லை. கொசுமெலின் உட்பகுதியில் சான் ஹெர்வாசியோ இருக்கிறது. பிள்ளைப்பேறுக்கும் நிலவுக்கும் உரியவளாக வணங்கப்பட்ட இஷ்செல் தெய்வத்தைத் தேடி, பெண்கள் தோணியில் கடல் கடந்து இங்கே வந்தார்கள். துலும்போலக் கடலோரப் பாறைமேல் கம்பீரமாக நிற்பதல்ல. சிறிய கட்டடங்கள், மரங்களுக்கு நடுவே பாதை. எனக்கு அத்தையை அழைத்துப் போகத் தோன்றுவது இங்கேதான். கொசு மிக அதிகம். முழுக்கை உடுப்பும் கொசு மருந்தும் இல்லாமல் உள்ளே போகாதீர்கள்.

இறங்கியதும் நேராக அங்கே போங்கள். டாக்சிகளுக்கு மீட்டர் கிடையாது, இடத்துக்கு இடம் நிர்ணயித்த கட்டணம். ஏறுமுன் மூன்றைக் கேளுங்கள்: தொகை வண்டிக்கா ஆளுக்கா, டாலரா பெசோவா, காத்திருப்பும் சேர்த்தா. ஸ்கூட்டர் வாடகை வேண்டாம். குழந்தையோடு அது ஆபத்து. கார்டில் கட்டும்போது இயந்திரம் டாலரா பெசோவா என்று கேட்டால் பெசோவையே அழுத்துங்கள். டாலர் என்றால் மோசமான மாற்று விகிதம் போட்டுவிடுவார்கள்.

பத்து மணிக்குள் மேற்குக் கரைக்கு வந்துவிடலாம். கிழக்குக் கரை பார்க்க அழகு, ஆனால் அலையும் இழுப்பும் கடுமை, மகனை இறக்காதீர்கள். பாலன்கார் போன்ற பெரிய பாறைகளுக்குப் படகில்தான் போக வேண்டும். உங்கள் குடும்பத்துக்கு மேற்குக் கரையில் சாய்வு நாற்காலி, நிழல், கழிப்பறை உள்ள ஒரு கடற்கரை கிளப் போதும். பல இடங்களில் மணல் இல்லை, கூரான சுண்ணாம்புப் பாறை. ஏணி வழியாக இறங்க வேண்டும், தண்ணீர்ச் செருப்பு அவசியம். கரையோரமாக நீரோட்டம் இருக்கும். முதலில் ஓட்டத்துக்கு எதிராக நீந்தி, ஓட்டத்தோடு திரும்புங்கள். களைத்த பிறகு எதிர்நீச்சல் போடும்படி ஆகக் கூடாது. மகனுக்கு மிதவைச் சட்டை கட்டாயம்.

சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு இறங்காதீர்கள். 1996 முதல் இந்தப் பவளப்பாறைப் பகுதி தேசியப் பூங்கா. 2018-இல் இந்தக் கரைக்கு வந்த பவள நோய் வேகமாகப் பரவி, 2019-இல் பாலன்கார், கொலம்பியா, எல் சியேலோ என்ற மூன்று இடங்களையும் சில காலம் மூடவே வேண்டியதாயிற்று. மீதமிருப்பதைக் காப்பாற்ற நாம் செய்யக்கூடியது சிறியது: பூச்சுக்குப் பதில் முழுக்கை நீச்சல் சட்டை, பாறைமேல் கால் வைக்காமை, நட்சத்திர மீனைத் தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமை.

சாப்பாட்டில் ஒரு கண்ணி உண்டு. ‘சின் கார்னே’ (இறைச்சி இல்லாமல்) என்றால் மாட்டிறைச்சியும் பன்றியும் இல்லை என்றுதான் பலர் எடுத்துக்கொள்வார்கள்; கோழியோ மீனோ தட்டில் வரலாம். ‘சின் போயோ, சின் பெஸ்காதோ’ (கோழி இல்லாமல், மீன் இல்லாமல்) என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்வது சாதாரணம், அதற்கு ‘சின் மன்தேகா’. சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைப்பதும் உண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள். மக்காச்சோள டார்ட்டியாவில் பாலாடைக்கட்டி வைத்த கேசடீயா, நோபால் கள்ளி, குவாக்கமோலே மூன்றும் நல்லவை. ஆபனேரோ மிளகாய்ச் சட்னியை மதுரைக்காரரும் துளி தொட்டுப் பார்த்துவிட்டே ஊற்றிக்கொள்ளட்டும். கப்பலிலிருந்து பழம், சமைத்த உணவு எதையும் கரைக்குக் கொண்டு போகாதீர்கள். உறை பிரிக்காத பிஸ்கட் போதும்.

தீவு நேரம் 2.30-க்குக் கப்பல்துறையில் இருங்கள். மூன்று துறைகள் உண்டு, டாக்சிக்காரரிடம் பெயர் சொல்ல வேண்டும். இறங்கும்போதே பெயர்ப் பலகையைப் படம் எடுங்கள். கப்பலின் உள்ளூர் முகவர் எண்ணையும் நால்வரின் கடவுச்சீட்டு முகப்பையும் படமெடுத்து வையுங்கள்.

பணம் கட்டுமுன் விசாவைப் பாருங்கள். அத்தையின் அமெரிக்க விசா பலமுறை நுழையத்தக்கதாக, மயாமி திரும்பும் நாளில் உயிரோடு இருக்க வேண்டும். நீங்களோ கணவரோ எச்-1பி வேலை விசாவில் இருந்து, கடவுச்சீட்டிலுள்ள விசா முத்திரை காலாவதியாகியிருந்தால், கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் மட்டும் போய் வருபவர்கள் பழைய முத்திரையோடே திரும்ப நுழையலாம் என்ற சலுகை உங்களுக்குக் கிடைக்காது. கப்பல் கிராண்ட் கேமனையும் தொடுகிறது.